மாமியாரும் உப்புக்கொத்தியும்

மாப்பிள்ளைக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதா என்பதிலேயே நர்ஸம்மாவுக்குச் சந்தேகம்.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஓடிவிட்டது. இத்தனை நாளில் அவர் மாமியாரிடம் பேசியதெல்லாம் "வாங்க அத்தை", "சாப்டீங்களா அத்தை", "போய்ட்டு வாங்க அத்தை", அவ்வளவுதான். முதலாவது அவள் ஜீப்பை விட்டு இறங்கும்போது. கடைசியாகச் சொன்னது அவள் ஜீப்பில் ஏறும்போது. நடுவில் எத்தனை நாள் தங்கினாலும் "சாப்டீங்களா" மட்டும்தான். அதையும் அவள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருக்கும்போது கேட்பார்.

நர்ஸம்மாவோ பேசியே பிழைத்தவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் எலும்பு வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஆட்களை, வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தே நடக்கவைத்துவிடுவாள். சொந்தப் பெயர் அக்கம்பக்கத்தாருக்கு மறந்தே போய், நர்ஸம்மா என்பதே பெயராக நிலைத்துவிட்டது.

மகள் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை அந்த மலையின் காவலர். மலை என்றதும் மரமும் அருவியும் நினைவுக்கு வந்தால் அது தப்பு. இது மொட்டை மலை. கண்ணுக்கு எட்டியவரை புல், முழங்கால் உயரப் புதர், பாசி, சதுப்பு, காற்று. மகள் வீட்டு அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால், பல நாள் சவரம் செய்யாத கிழவரின் கன்னம்போல இருக்கும்.

"மேல அப்படி என்னதான்டி வேலை இவருக்கு? புல்லு எழுந்து ஓடிப்போயிடுமா?" என்று ஒவ்வொரு தடவை வரும்போதும் கேட்பாள்.

"புல்லுக்குள்ள இருக்கறதுங்களைப் பார்த்துக்கணும்மா. இப்ப பறவைங்க முட்டை வைக்கிற காலம். இங்க மரம் ஏது? எல்லாம் தரையிலதான் வைக்கும். நாய் வரும், நரி வரும், பராக்குப் பார்த்துக்கிட்டே மிதிச்சுட்டுப் போறவங்க வருவாங்க."

"அப்போ வாட்ச்மேன்னு சொல்லு."

"சரி, வாட்ச்மேன்." மகள் சிரித்துவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விடுவாள்.

நர்ஸம்மா மகளுக்கு மனதில் வைத்திருந்தது எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்த ஒரு வாயாடிப் பையனை. மகள் இந்த ஊமைச்சாமியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதைக்கூட நர்ஸம்மா விழுங்கிக்கொண்டாள். ஆனால் அவள் வந்துவிட்டால் போதும், மாப்பிள்ளை விடிந்ததும் மலையேறி, விளக்கு வைத்த பிறகுதான் இறங்குகிறார். இதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. 'என்னைக் கண்டா ஆகலை. வேற என்ன?' என்று முடிவுகட்டியிருந்தாள்.

அன்றைக்கு மகள் பள்ளிக்குப் போன பிறகு, நர்ஸம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அலமாரி மேல் மாப்பிள்ளையின் சாப்பாட்டு டப்பா அப்படியே இருந்தது. மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

பட்டினி கிடக்கட்டும், அப்போதாவது வாயைத் திறக்கிறாரா பார்க்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் ஒருவர் சாப்பிடாமல் இருக்கிறார் என்று தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருக்க அவளுடைய கை கால்கள் பழகியதில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டாள். கான்வாஸ் ஷூவை மாட்டினாள். டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மகள் எப்போதோ சொல்லி வைத்திருந்தாள்: "என்னைக்காவது மேல போனா, வெள்ளையடிச்ச கல்லுங்களைப் பார்த்துத்தான் போகணும். ஒரு கல்லுலேர்ந்து அடுத்த கல்லு. விலகிப் போகாதே. மூடுபனி வந்தா நின்ன இடத்துலயே உட்கார்ந்துடு."

கல்லுக்குக் கல் நடப்பது ஒன்றும் பிரமாதமாக இல்லை. கீழேயிருந்து ஒரே பழுப்பாகத் தெரிந்த மலை, கிட்டே போனதும் வேறு முகம் காட்டியது. பாசியிலேயே எத்தனை நிறம்! ஓரிடத்தில் மாதுளை முத்துபோலச் சிவப்பு, பக்கத்திலேயே பச்சை, அதற்கடுத்து எலுமிச்சை மஞ்சள். கால் வைத்தால் புது மெத்தைபோல அமுங்கி, காலை எடுத்ததும் பொங்கி எழுந்தது. கறுத்த மண் வெடிப்புகளில் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் நின்றது. புதர்களில் மிளகளவு ஊதா மொட்டுகள். தலைக்கு மேலே வானம்பாடி ஒன்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஏறி, ஒரு புள்ளியாகி, பிறகு பாட்டு மட்டுமாகிவிட்டது.

வழியோரத்துப் பாசியில் ஒரு குட்டிச் செடியைப் பார்த்து நர்ஸம்மா குனிந்தாள். சட்டைப் பொத்தான் அளவு சிவப்பு இலைகள். இலை முழுக்க மெல்லிய மயிர்கள். ஒவ்வொரு மயிர்நுனியிலும், ஊசி போடுமுன் முனையில் தள்ளிப் பார்க்கிற மருந்துத் துளிபோல ஒரு சொட்டு. ஒரு கொசு அதில் ஒட்டிக்கொண்டு உதறிக்கொண்டிருந்தது. இலை மெதுவாக அதன்மேல் மடங்கியிருந்தது.

"அடேயப்பா, கட்டுப் போட்டுப் படுக்க வச்சிடுச்சே!" என்று நர்ஸம்மா வாய்விட்டுச் சொன்னாள். கேட்க ஆளில்லை என்பதுதான் குறை.

மேட்டின் உச்சியில், இரண்டு வெள்ளைக் கற்களுக்கு நடுவே வந்தபோதுதான் அந்தப் பறவையைப் பார்த்தாள்.

புறாவைவிடக் கொஞ்சம் சின்னது. முதுகெல்லாம் பொன்பொட்டு, வயிறு கறுப்பு. அவளைப் பார்த்ததும் பறக்கவில்லை. ஒரு இறக்கையை விரித்துத் தரையில் இழுத்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து, ஈனஸ்வரத்தில் கத்திக்கொண்டே தத்தித் தத்தி ஓடியது.

நர்ஸம்மாவுக்குள் எலும்பு வார்டு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"ஐயையோ, இறக்கை ஒடிஞ்சிருக்கே! நில்லும்மா, நில்லு. ஒண்ணும் பண்ண மாட்டேன்."

பறவை நாலு முழம் தள்ளிப் போய் விழுந்தது. நர்ஸம்மா பாதையை விட்டு இறங்கினாள். கிட்டே போனதும் மறுபடி எழுந்து, இறக்கையை இழுத்துக்கொண்டு ஓடி, இன்னும் பரிதாபமாக விழுந்தது.

"ஓடினா எலும்பு இன்னும் விலகும்டி. சொன்னாக் கேளு. குச்சி வச்சு ஒரு கட்டுப் போட்டா சரியாயிடும். நான் எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன் தெரியுமா?"

பறவைக்குத் தெரியாது போலிருக்கிறது. விழுந்தது, எழுந்தது, விழுந்தது. நர்ஸம்மா ஒரு கையில் டப்பாவும் ஒரு கையில் விரித்த சால்வையுமாகப் பின்னாலேயே போனாள். ஒருவழியாகச் சால்வையை வீசுகிற தூரத்துக்கு வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை ஓங்கினாள். பறவை இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு விர்ரென்று கிளம்பியது. சுத்தமான, ஒரு சிராய்ப்புகூட இல்லாத இறக்கைகள். அவள் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

"அடிப்பாவி!" என்றாள் நர்ஸம்மா.

அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தாள். வெள்ளைக் கல் ஒன்றையும் காணோம். மேட்டையே காணோம். பறவையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மூடுபனி ஓசைப்படாமல் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. காலடியில் மட்டும் வெள்ளை வெளேரென்று பஞ்சுத் தலையோடு புல் அசைந்தது. 'அழகா இருக்கே, இதுமேல நின்னுக்கலாம்' என்று அதன் நடுவே ஓர் எட்டு வைத்தாள்.

கால் உள்ளே போனது. முழங்கால்வரை போய் நின்றது. அதை எடுக்கலாம் என்று மறு காலை ஊன்றினாள். அது தொடைவரை போய்விட்டது. கீழே தரை என்று ஒன்றே இல்லை. குளிர்ந்த கூழ் மட்டும் இருந்தது.

சாப்பாட்டு டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். எதற்காக என்று அவளுக்கே தெரியாது.

உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்த அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு புதுச் சிக்கல் தோன்றியது. எப்படிக் கூப்பிடுவது? இத்தனை நாளில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பழக்கமே இல்லையே. ஆனால் சேறு இடுப்பைத் தொட்டதும் கூச்சமெல்லாம் தானாக விலகியது. வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கேட்கிற குரலை எடுத்து விட்டாள்.

"மாப்பிள்ளேய்ய்ய்!"

பதிலுக்கு வானத்திலிருந்து ஓர் ஆடு கத்தியது.

நர்ஸம்மா அண்ணாந்து பார்த்தாள். பனிதான் தெரிந்தது. மறுபடியும் 'ம்மெஹெஹெஹெ' என்று தலைக்கு நேர் மேலே ஆட்டுச் சத்தம். ஆகாசத்தில் ஆடு மேய்கிறதென்றால் தனக்குப் புத்தி பிசகத் தொடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். அந்தப் பயத்தில் இரண்டாவது தடவை கத்தியது முதல் தடவையைவிட நன்றாக வந்தது.

"அசையாதே!" என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் அதட்டியது. "அசையாதீங்க அத்தை! அப்படியே இருங்க! பேசிக்கிட்டே இருங்க, சத்தத்தை வச்சு வரேன்!"

அவள் வாழ்நாளில் யாரும் அவளைப் பேசச் சொல்லிக் கெஞ்சியதில்லை. நர்ஸம்மா பேசினாள். பறவையைத் திட்டினாள், பனியைத் திட்டினாள், டப்பாவை மறந்துவிட்டுப் போன ஆளையும் சேர்த்துத் திட்டினாள். கொஞ்ச நேரத்தில் பனிக்குள் நிழல் ஒன்று தோன்றி மாப்பிள்ளையானது. ஓடி வந்தவர் பஞ்சுப்புல்லுக்கு இந்தப் பக்கமே நின்று, சட்டென்று குப்புறப் படுத்துக்கொண்டார்.

"அத்தை, மெதுவா அப்படியே மல்லாக்கச் சாயுங்க."

"என்னது?"

"படுங்க அத்தை. படுத்தா பாரம் பரவும், கால் மேல வரும்."

"உங்க எதிர்லயா?"

"வெக்கமெல்லாம் வீட்ல போய்ப் பட்டுக்கலாம். படுங்க!"

படுத்தாள். டப்பா இன்னும் மேலேதான் இருந்தது. மாப்பிள்ளை தன் நீளக் கோலை அவள் பக்கம் நீட்டினார். அவள் ஒரு கையால் பற்றிக்கொண்டாள். "டப்பாவை விடுங்க அத்தை!" "விடமாட்டேன், இதுக்காகத்தானே வந்தேன்!" இந்தத் தகராறோடு அவர் இழுக்க, அவள் உந்த, சேறு முத்தமிட்டுப் பிரிவதுபோல் ஒரு சத்தம் போட்டு ஒரு காலை விட்டது. மறு காலை விட மனமில்லை. மாப்பிள்ளை எழுந்து மண்டியிட்டு, அவள் கையையே பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு ஓர் இழுப்பு இழுத்தார். நர்ஸம்மா வெளியே வந்து விழுந்தாள். ஒரு கால் ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. மாப்பிள்ளையின் இடுப்பிலிருந்த வயர்லெஸ் எகிறிப் போய்ச் சேற்றில் விழுந்து, ஒரு தடவை 'கர்' என்று சொல்லிவிட்டு மூழ்கியது.

மாப்பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தார். தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்.

நர்ஸம்மா ஒரு பார்வைதான் பார்த்தாள். குளிர், சேறு, ஆகாசத்து ஆடு எல்லாம் பறந்துவிட்டது.

"தோள் இறங்கிடுச்சு. இதுக்கு முன்னாடி ஆகியிருக்கா?"

"ரெண்டு தடவை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"சரி, அப்ப வழி தெரிஞ்ச எலும்புதான். சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்துடும். விரலை அசைங்க பார்ப்போம். நல்லது. இங்க தொட்டாத் தெரியுதா? நல்லது. அந்தப் பாறைமேல சாஞ்சு உட்காருங்க."

அவர் முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, மடக்கினாள். மணிக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கதவை ஓசையில்லாமல் திறப்பதுபோல, முன்கையை வெளிப்பக்கமாக மெல்ல மெல்லத் திருப்பத் தொடங்கினாள்.

"வலிச்சாச் சொல்லுங்க, நிறுத்திக்கிறேன். அவசரமே இல்ல. ஆனா நீங்க பேசணும்."

"எ... என்ன பேசணும் அத்தை?"

"எது வேணா. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா சதை இறுகிப் பிடிச்சுக்கும். பேசினாத் தளரும்."

"எனக்குப் பேச வராது அத்தை."

"அந்த நொண்டிப் பறவையைப் பத்திச் சொல்லுங்க. என்னைக் கூட்டிட்டு வந்து சேத்துல தள்ளிட்டுப் போச்சே."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "எப்படி இருந்துச்சு? முதுகுல பொன்பொட்டா? வயிறு கறுப்பா?"

"ஆமா."

"உப்புக்கொத்தி அத்தை!"

"உப்பா? இந்த மலையில உப்பு ஏது?"

"குளிர்காலத்துல கடலோரம் போயிடும். உப்பங்கழியில கொத்திக்கிட்டு இருக்கும், அதான் அந்தப் பேருன்னு நினைக்கிறேன். முட்டை வைக்க மட்டும் இந்த மாதிரி மொட்டை மேட்டுக்கு வரும்."

"பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருதுன்னு சொல்லுங்க. அப்புறம்?"

"நரியோ ஆளோ கிட்ட வந்தா, அடிபட்ட மாதிரி நடிக்கும். நம்மளும் பின்னாலயே போவோம். தூரமாக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டுப் பறந்துடும். அதெல்லாம் சும்மா நடிக்காது அத்தை. பக்கத்துல குஞ்சு இருந்தாத்தான்..." அவர் பேச்சு நின்றது. கண் அகன்றது. "அத்தை! முதல்ல எங்க பார்த்தீங்க?"

"மேட்டு உச்சியில. ரெண்டு கல்லுக்கு நடுவுல."

"இந்தப் பக்கம் உப்புக்கொத்தி குஞ்சு பொரிச்சு நான் பார்த்ததே இல்ல! பனி காலம் முடிஞ்சதுலேர்ந்து தேடறேன். குரல் கேக்கும், ஆளைக் காணோம். ரெண்டு கல்லுக்கு நடுவுலயா? நான் தினம் அந்த வழியாத்தானே..." என்று துள்ளி எழப்போனார்.

'களுக்' என்று ஒரு சத்தம்.

இருவரும் அசையாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளத்தைக் காணோம். தோள், தோள் மாதிரி உருண்டையாக இருந்தது.

"பார்த்தியா!" என்றாள் நர்ஸம்மா. "நான் சொல்லல?"

அவள் வாயில் 'நீ' வந்துவிட்டதை இருவருமே கவனித்தார்கள். அவள் திருத்திக்கொள்ளவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. சால்வையை முக்கோணமாக மடித்துக் கழுத்தில் கட்டி, கையை அதில் தூளியாக வைத்தாள். சேற்றுச் சால்வைதான். ஆனால் அந்த முடிச்சைப் பார்த்தால் எந்த டாக்டரும் கையெடுத்துக் கும்பிடுவார்.

பனி விலகும்வரை நகரக் கூடாது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். பாறைக்குக் காற்றுப்படாத பக்கமாக இருவரும் உட்கார்ந்தார்கள். டப்பாவைத் திறந்தால், ரொட்டியும் வெந்த உருளைக்கிழங்கும் ஒரு துளி சேறுகூடப் படாமல் இருந்தன. மாப்பிள்ளை இடது கையால் எடுத்துச் சாப்பிட்டார். பாதியை மாமியார் பக்கம் தள்ளினார். மறுபடி வானத்தில் ஆடு கத்தியது.

"எனக்கு மட்டும் கேக்குதா, உனக்கும் கேக்குதா?"

"உள்ளான் அத்தை. அதுவும் பறவைதான். உசரத்துலேர்ந்து சரிஞ்சு இறங்கும்போது வால் இறகுல காத்துப் பட்டு அந்தச் சத்தம். பொண்டாட்டிக்குக் கேக்கணும்னு பண்றது."

"வாயால கூப்பிட்டா ஆகாதாமா?"

"சிலருக்கு வாயால வராது அத்தை" என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு ரொட்டியைப் பார்த்துக்கொண்டார்.

நர்ஸம்மா விடவில்லை. "நல்லாத்தானே பேசறே? அப்புறம் மூணு வருஷமா என்கிட்ட ஏன் வாயே திறக்கலை? என்னைக் கண்டா அவ்வளவு வெறுப்பா?"

"வெறுப்பா? ஐயோ, பயம் அத்தை."

"எதுக்குப் பயம்?"

மாப்பிள்ளை மென்று விழுங்கினார். "சின்ன வயசுல கால் ஒடிஞ்சு மாசக்கணக்கா ஆஸ்பத்திரியில கிடந்தேன். அங்க ஒரு நர்ஸம்மா. வாயைத் திறந்தா ஊசி குத்துவேன்னு மிரட்டுவாங்க. முதல் தடவை உங்க வீட்டுக்கு வந்தப்ப நீங்க வாசல்ல நின்னு 'யாரு அது, உள்ள வாங்க'ன்னு ஒரு குரல் கொடுத்தீங்க பாருங்க... அதே குரல். நாக்கு உள்ள போனதுதான்."

நர்ஸம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த ஆஸ்பத்திரி?"

"நீங்க இல்ல அத்தை. வேற ஊரு. கல்யாணத்துக்கு முன்னாடியே விசாரிச்சுட்டேன்."

நர்ஸம்மா சிரிக்கத் தொடங்கினாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு மொத்த உடம்பும். விசாரித்திருக்கிறாராம்! மாப்பிள்ளை வீட்டைப் பற்றித்தான் எல்லோரும் விசாரிப்பார்கள். இவர் மாமியார் கையில் ஊசி இருந்ததா என்று விசாரித்திருக்கிறார். அவரும் தோளைப் பிடித்துக்கொண்டு "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்.

பனி வந்தது போலவே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியது. மேடும் வெள்ளைக் கற்களும் கல்லெறி தூரத்தில் நின்றன. இவ்வளவு பக்கத்திலா இருந்தோம் என்று நர்ஸம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று. மாப்பிள்ளை தன் இடது காலிலிருந்த பூட்ஸைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார். "எனக்குப் பழக்கம்" என்றார். ஒரு காலில் சொந்த ஷூவும் மறு காலில் படகுபோன்ற பூட்ஸுமாக அவள் அவர் பின்னால் நடந்தாள். அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்தாள். பஞ்சுப்புல் எங்கே வெளுத்துத் தெரிகிறதோ அதையெல்லாம் சுற்றிக்கொண்டு போனார்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாதை மேலேயே மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். மூச்சு விடுவதைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள். காற்று மட்டும் புதரைச் சீவிக்கொண்டு போனது. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நர்ஸம்மாவின் முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கியபோது, கல்லின் பின்னாலிருந்து ஒற்றை விசில்போல ஒரு மெல்லிய குரல். உப்புக்கொத்தி தலையை நீட்டிப் பார்த்தது. நாலு எட்டு ஓடியது, நின்றது, இன்னும் நாலு எட்டு. நொண்டவே இல்லை. சிறுக்கி, என்ன நடை!

அது வந்து நின்ற இடத்தில் பாசி அசைந்தது.

பாசி இல்லை. மஞ்சளும் கறுப்புமாகப் பாசியைக் கத்தரித்து உருட்டியதுபோல ஒரு குஞ்சு, அதற்குக் குச்சிக் கால்கள் இரண்டு. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது தடுக்கி விழுந்து, தானே எழுந்துகொண்டது. மூன்றும் தாயின் வயிற்றுக்கடியில் முண்டியடித்துப் புகுந்தன. தாய்க்கு எட்டுக் கால்கள் முளைத்ததுபோல இருந்தது.

நர்ஸம்மா மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் குஞ்சுகளைப் பார்க்கவில்லை. அவள் பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"நல்ல வேலைதான் பார்க்கறே" என்றாள் நர்ஸம்மா, அவளுக்கே கேட்காத குரலில்.

பாதி வழி இறங்கியபோது மகள் எதிரே ஓடி வந்தாள். பள்ளி விட்டு வீட்டுக்கு வந்து, திறந்து கிடந்த கதவையும் ஆளில்லாத அடுக்களையையும் பார்த்துப் பதறிப்போய் மலையேறியிருக்கிறாள். தூளியில் கையோடு புருஷன். இடுப்புவரை கறுப்பாக, ஒரு காலில் பூட்ஸோடு அம்மா. இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வருகிறார்கள்.

"என்னம்மா இது கோலம்? என்னங்க, கைக்கு என்ன ஆச்சு?"

"உங்கம்மா சேத்துல..."

"உன் புருஷன் தோளை..."

"அந்த உப்புக்கொத்தி இருக்கே..."

"நீ சும்மா இரு, நான் சொல்றேன். முதல்ல அது நொண்டிக்கிட்டு வந்துதா..."

"அதுக்கு முன்னாடி டப்பாவிலேர்ந்து ஆரம்பிங்க அத்தை!"

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று வருஷமாக இவர்கள் இருவருக்கும் நடுவில் தூதுபோய் அலுத்தவள். இப்போது ஒரு வார்த்தை நுழைக்க இடமில்லை. அப்படியே புல்மேல் உட்கார்ந்து, "சரி, ஒருத்தர் ஒருத்தரா" என்றாள், வகுப்பில் சொல்வது மாதிரி.

நர்ஸம்மா அந்த வாரம் ஊருக்குத் திரும்புவதாக இருந்தது. திரும்பவில்லை. தோளுக்கு ஓய்வு வேண்டும், மாப்பிள்ளையைத் தனியாக அனுப்பினால் கையை அசைப்பார், பக்கத்தில் ஆள் வேண்டும் என்றாள். மகள் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்தாள். அதன் பிறகு தினமும் காலையில் இருவரும் சேர்ந்து மலையேறினார்கள். மேட்டுக்குக் கொஞ்சம் கீழேயே ஒரு கயிறு கட்டி, நர்ஸம்மா அங்கே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மலையேற வருகிறவர்கள் மாப்பிள்ளை காலத்தில் "கொஞ்சம் அந்தப் பக்கமா..." என்று அவர் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் தாண்டிப் போய்விடுவார்கள். இப்போது அது நடக்கவில்லை.

"எங்க போறீங்க? நாயைப் பிடிங்க. பிடிங்கன்னு சொன்னேன்ல. மேல பச்சைக் குழந்தைங்க இருக்கு. பார்வையாளருக்கு அனுமதி கிடையாது."

"இல்லம்மா, ஒரு போட்டோ மட்டும்..."

"குழந்தை வார்டுல போட்டோவா? இந்தப் பக்கம் சுத்திப் போங்க. அங்க பூச்சி தின்னுற செடி இருக்கு, அதைப் படம் எடுங்க. மிதிக்காம எடுங்க."

போனார்கள். முரட்டு மீசைக்காரர்கள்கூட நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பாறை மறைவில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கடித்துக்கொண்டார்.

குஞ்சுகள் வளர்ந்தன. பாசி நிறம் போய்ப் பொன்பொட்டு வந்தது. ஒரு நாள் நரி ஒன்று மேட்டோரம்வரை வந்தது. உப்புக்கொத்தி அதைத் தன் வழக்கப்படி நொண்டியே அடுத்த மேடுவரை அழைத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்ததை நர்ஸம்மா தொலைநோக்கியில் முழுவதும் பார்த்தாள். பிறகு ஊதா மொட்டுகள் எல்லாம் வெடித்து மலை முழுக்க நிறம் மாறியிருந்த ஒரு காலையில், குஞ்சுகள் மூன்றும் காற்றைப் பார்த்து வரிசையாக நின்றன. ஒன்று இறக்கையை விரித்தது. காற்று தூக்கிக்கொண்டது. அதற்கே அது எதிர்பாராதது போலிருந்தது; ஐயோ என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, அப்புறம் சமாளித்துக்கொண்டு பறந்தது. மற்ற இரண்டும் பின்னாலேயே போயின.

நர்ஸம்மா நாற்காலியை விட்டு எழுந்து கையைத் தட்டினாள். மாப்பிள்ளையும் கையை உயர்த்தித் தட்டினார். இரண்டு கையும் தலைக்கு மேலே நேராகப் போனதை அவள் ஓரக்கண்ணால் பார்த்து, தோள் நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.